அறுபத்தெட்டுக் கூடுகள்

— மூங்கில்ல கட்டுன கண்ணாடியச் செத்த சாச்சுப் பிடியும் வே. வெயிலு எம் மூஞ்சியில அடிக்குதே தவிர கூட்டுக்குள்ள விழல.

— இப்ப?

— ம், தெரியுது. ரெண்டு குஞ்சு. ரெண்டும் கழுத்தத் தொங்கப் போட்டுக் கெடக்கு.

— அப்ப செத்ததுதான அண்ணாச்சி?

— அவசரப்படாதீரும். உறங்குதான்னு பாக்கணும்லா. கழியால கொப்ப லேசாத் தட்டும்... இன்னொரு தட்டு... அசையல. செத்ததுதான்.

— அப்பச் சரி. புளியமுத்த எம் பையில போடுங்க.

— போடுதேன், எங்க ஓடியா போயிரும். கூட்டுல உசுரு இருந்தா முத்து எம் பையில, இல்லன்னா உம்ம பையில. இருபத்திரண்டு கூடு பாத்தாச்சு. இருபத்திரண்டு முத்தும் உம்ம பையிலதான் கெடக்கு. நான் மேலக்குளத்துக்கு நீர்பாய்ச்சியா வந்து பதினேழு வருசமாச்சு. தை மாசத்துல எம் பை இப்படிக் காலியாக் கெடந்தது கெடையாது.

— எல்லாக் கூட்டையும் பாக்கணுமா? பாத்த வரைக்கும் ஒண்ணு போலத்தான இருக்கு. மிச்சமும் இப்படியேன்னு வச்சுக்கிட்டுக் கரைக்குச் சொல்லிருவோம். விடிஞ்சதுலருந்து எங்க கீழக்குளத்துச் சனம் பூராவும் மடைகிட்ட உக்காந்திருக்கு.

— வச்சுக்கிடுததுக்கு இது என்ன உம்ம கடைச் சாமானா? ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்டு எழுதுன முச்சலிக்கையில என்ன எழுதியிருக்கு? கடைசிக் குஞ்சு பறக்குத வரைக்கும் மேலக்குளத்து மடையத் தொறக்கக் கூடாது. குளத்துல ஒரு வலை விழக் கூடாது. மேலூருக்கு ஒரு ஆளு, கீழூருக்கு ஒரு ஆளு, ஒரே தெப்பத்துல போயி ஒவ்வொரு கூடாப் பாத்து, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சத்தம் போட்டுக் கரைக்குச் சொல்லணும். பாதியப் பாத்துட்டு மீதிய வச்சுக்கிடச் சொல்லி எந்த இடத்துலயும் எழுதல.

— தெரியும் அண்ணாச்சி. எங்க தாத்தாவும் அதுல கைநாட்டு வச்சவருதான்.

— பெறவென்ன. ஒரு வருசம் குஞ்சு இருக்கையிலயே மடையத் தொறந்து விட்டாவ. மரத்தடியில தண்ணி வத்திப் போயி, நரியும் காட்டுப்பூனையும் கால் நனையாம நடந்து வந்துச்சு. அதுக்கப்புறம் மூணு வருசம் ஒரு பறவை இங்கன எறங்கல. எச்சம் விழாத தண்ணி வெறுந்தண்ணி. எங்க வயலு பாதி வெளஞ்சுது, உங்க வயலு அதுலயும் பாதி. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுனது வே அது. தள்ளும், அந்த வடக்கு மரத்துக்கு.

— எழுதினவங்க காலத்துல குத்தாலத்து அருவி தை வரைக்கும் விழுந்துச்சு. இப்பக் கார்த்திகையிலயே நூலாப் போச்சு. மலையில கூப்பு எடுத்தவன் லாரி லாரியா மரத்த எறக்குதான். சித்தாத்துல ஓட்டுச் சூளைக்காரங்க மண்ணத் தோண்டித் தோண்டி ஆறு கீழ போயிட்டு, கால்வா மேட்டுல நிக்குது. தண்ணி என்ன ஏணி வச்சா ஏறும்? எங்க குளத்துல பொங்கலன்னைக்கே ஆடு மேஞ்சுது. எம்பது ஏக்கர் பிசான நெல்லு, பால் பிடிக்குத பருவம். ஒரு தண்ணி விட்டாப் போதும். நாளை மறுநாளைக்குள்ள விடலன்னா எல்லாம் பதரு.

— எனக்குத் தெரியாதா? போன வாரம் உங்க வயலுப் பக்கமா நடந்து போனேன். தாளு முறுக்கிக்கிட்டு நிக்குது. மனசு கேக்கலதான்.

— மனசு கேக்கலன்னு போன வாரமே மடையத் தொறந்திருக்கலாம்லா.

— போன வாரம் இந்தக் கூட்டுலயெல்லாம் குஞ்சு கத்திக்கிட்டுக் கெடந்துச்சே. கரையில நின்னு பேசுனா பேச்சுக் கேக்காது, அவ்வளவு சத்தம். இன்னைக்குப் பாரும், நீரு மூச்சு விடுதது எனக்குக் கேக்கு. கண்ணாடியத் தூக்கும்.

— தூக்கிட்டேன்.

— வக்காக் கூடு. முட்டைதான் ஒண்ணு உருண்டு கெடக்கு, கூமுட்டை. குஞ்சு ஒண்ணு... அதுவும் வெறச்சுப் போச்சு. முத்தப் பிடியும். இருபத்திமூணு.

— சரி சரி. அடுத்தது.

— அந்தச் சரி சரியக் கொஞ்சம் கொறையும். கண்ணாடிய வானத்தப் பாக்கப் பிடிச்சிருக்கீரு. உம்ம கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?

— ராத்திரி உறக்கம் இல்ல. நெல்லு நெனப்புதான்.

— ரெண்டு ராத்திரி உறங்காத கண்ணால்லா இருக்கு. கீழூர்லருந்து யார அனுப்புததுன்னு உங்க ஆளுக கேக்கையில, ஞானதுரை வந்தாச் சம்மதம்னு முந்திச் சொன்னதே எங்க ஆளுகதான். தராசு முள்ளு ஆடுனா ரெண்டாந்தரம் நிறுத்துக் குடுக்குத ஆளு, ஞாயித்துக்கிழமை கோயில்ல வேதம் வாசிக்குத ஆளு, கூட்டுல இருக்கத இல்லன்னு சொல்ல மாட்டாருன்னு.

— அத விடுங்க அண்ணாச்சி.

— புகழ்ந்தாக் கோவம் வருத ஆள இப்பத்தான் பாக்கேன். ...செத்த நில்லும். கழிய ஊனாதீரும். அந்தா கோரைக்குள்ள கருப்பா மெதக்குது பாத்தீரா?

— கட்டையா இருக்கும்.

— கட்டைக்கு றெக்கை உண்டுமா? நீர்க்காக்கா. பெரிய பறவை, குஞ்சு இல்ல. அதுக்கு அங்கிட்டு இன்னொண்ணு. ஞானதுரை, குஞ்சு சாவுததுக்கு நூறு காரணம் சொல்லலாம். தாய்ப்பறவை ஏன் சாவுது?

— வயசாயிருக்கும்.

— ஒரே நாள்லயா ரெண்டுக்கும் வயசாச்சு? போன வருசம் இருநூத்திச் சொச்சம் கூடு. இந்த வருசம் தண்ணி கொறவுன்னு அறுபத்தெட்டுதான் கட்டுச்சு. சரி, வந்ததாவது பொழைக்கட்டும்னு நெனச்சேன். முந்தா நேத்து ராத்திரி மட்டுந்தான் நான் காவலுக்கு வரல. மக குழல்வாய்மொழிக்குக் காய்ச்சல். சாயங்காலம் உம்ம கடையிலதான வந்து மாத்திரை வாங்கினேன்.

— ஆமா, வாங்கினீங்க.

— இன்னைக்கு ராத்திரி குளத்துப் பக்கம் போவ மாட்டேன், பிள்ளை கூட இருக்கணும்னு சொன்னேன்லா?

— சொன்னீங்க. இப்ப எப்படி இருக்கா?

— தேவலை. நேத்து எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சா. அவளுக்குத் தேவலைன்னு நான் மத்தியானம் இங்கன வந்து பாத்தா, நாரைக்கும் கொக்குக்கும் ஒரே கொண்டாட்டம். மீனு தானா மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு மயங்கிக் கெடக்கு. அதுக கொத்திக் கொத்திக் கொண்டு போயி குஞ்சுக்கு ஊட்டுதுக. தண்ணி வத்துனா மீனு மயங்குதது வழக்கந்தானேன்னு நானும் வீட்டுக்குப் போயிட்டேன்.

— வழக்கந்தான். வெயிலுக்குத் தண்ணி சூடேறும். மீனு மயங்கும்.

— வழக்கமா மாசிக் கடைசியிலதான் மயங்கும். இது தை. காலையில பனி விழுதப்போ தண்ணி எங்கிட்டுச் சூடேறும்? நீரு ஒரு மீன எடுத்து மோந்து பாரும். எனக்குக் கவுச்சி வாடை ஆவாது.

— எதுக்கு அண்ணாச்சி? முத்து எண்ணத்தான வந்தோம்.

— எடும்ங்கேன்.

— ...ஒண்ணும் இல்ல. மீன் வாடைதான்.

— மூக்குகிட்டக் கொண்டு போகாமலே வாடை தெரியுதோ. சரி, கீழ போடும். கைய வேட்டியில தொடைக்காதீரும், தண்ணியில கழுவும்.

— இருக்கட்டும்.

— கழுவமாட்டீரா? நல்ல ஆளுதான். ஒண்ணு கேக்கேன், நீரு உரமும் மருந்தும் விக்குத ஆளு. பூச்சிக்கு அடிக்குதாங்களே எண்ட்ரின்னு, அது குளத்துல விழுந்தா இப்படி ஆவுமா?

— ஆகாது.

— வெரசாச் சொல்லிட்டீரே.

— கொஞ்சம் விழுந்தா ஒண்ணும் ஆகாது. இவ்வளவு பெரிய குளம். கரைஞ்சு போயிரும்.

— குளம் பெருசுதான் வே, தண்ணி எங்க இருக்கு? ஐப்பசியில இந்த எடத்துல மூணு ஆளு ஆழம். இப்பக் கழிய ஊனுனா இடுப்புதான். மூணு ஆளுத் தண்ணிக்குக் கரையுதது இடுப்புத் தண்ணிக்குக் கரையுமா?

— அது... எனக்குத் தெரியல. டப்பாவுல அப்படியெல்லாம் எழுதல.

— எனக்கு ஒரு சந்தேகம். சொன்னா வெளிய விட மாட்டீரே?

— சொல்லுங்க.

— பிளாக் ஆபீஸ்லருந்து எங்கூருக்கு ஒரு மருந்தடிக்குத பம்பு குடுத்திருக்காவ. எங்க பயலுவ அடிச்சு முடிச்சு அத எங்க கழுவுதானுவ? வாய்க்கால்ல கழுவாதிய, தள்ளிக் கொண்டு போயிக் கழுவுங்கன்னு நூறு தரம் சொல்லியிருக்கேன். நான் இல்லாத அன்னைக்கு எவனோ குளத்துல முக்கிக் கழுவிட்டான். அப்படித்தான் இருக்கணும். வேற வழியே தெரியல.

— யாரு மேலயும் சந்தேகப்படாதீங்க அண்ணாச்சி. நோவா இருக்கும். கோழிக்கு வாரது போல.

— மீனுக்கும் கோழிக்கும் ஒரே நோவா? நல்லாயிருக்கு வைத்தியம். இல்ல வே, இது எம் மேல வாரதுதான். காவக்காரன் காவலுக்கு வரல, குளம் போச்சு. ஊருல கேப்பாவ. மடைச் சாவியக் குடுத்துட்டுப் போடான்னு சொல்லுவாவ. சொல்லட்டும். பதினேழு வருசம் இந்தச் சாவிக்குக் கெடைக்குத நெல்லுலதான் எங்க வீட்டுல ஒல கொதிச்சுது. ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன். அது எம் பாடு.

— உங்க மேல தப்பு இல்ல.

— உமக்கு நல்ல மனசு. ஊரு அப்படிப் பேசாது. வாரும், மிச்சத்தையும் பாத்து முடிப்போம். ஒரு கூட்டுலயாவது ஒண்ணு கழுத்தத் தூக்குதான்னு பாப்போம்.

— பாப்போம்.

— அந்தப் பெரிய மரத்துல மட்டும் முப்பது கூடு. கரண்டிவாயன் அஞ்சு ஜோடி கட்டியிருந்துச்சு. எம் மக அதப் பாத்துட்டு, யப்பா இதெல்லாம் கல்யாண வீட்டுச் சமையலுக்கு வந்ததுகளான்னு கேட்டா. தூக்கும்... ம்... இதுவும் போச்சு. இதுவும். முத்தப் பிடியும். பிடியும்ங்கேன், தண்ணிக்குள்ள விழுது.

— போதும் அண்ணாச்சி. என்னால பாக்க முடியல.

— எனக்கு மட்டும் என்ன, திருவிழாவா பாக்கேன்? மேக்க நகத்தும். அடுத்த கொப்பு.

— இன்னும் எத்தன?

— ஒம்பது. எட்டு... இந்தப் பக்கம் மூணு. மூணும் அதே கதி... இன்னும் அஞ்சு... இது கடைசி. இதுல தாயும் உக்காந்தபடியே கெடக்கு. றெக்கைய விரிச்சுக் குஞ்சு மேல போட்டுக்கிட்டு. வெயிலுக்கு நெழலு குடுத்த மாதிரி. ...அவ்வளவுதான் ஞானதுரை. அறுபத்தெட்டு முத்தும் உம்ம பையில. நீரு கேட்டது கெடச்சுட்டு.

— நான் இதக் கேக்கல.

— தண்ணியக் கேட்டீருல்லா, அதத்தான் சொல்லுதேன். இனி கரைக்குச் சொல்லணும். குஞ்சு இல்ல, மடையத் தொறங்கன்னு. சொன்னாத் தண்ணி பொழுது சாயுததுக்குள்ள உங்க குளத்துல எறங்கிரும். ஒண்ணுதான் எனக்கு உறுத்துது.

— என்ன?

— உங்கூர்க் கெணறு உப்பு. குடிக்குதது, கஞ்சி வைக்குதது, மாடு குடிக்குதது எல்லாம் உங்க குளத்துத் தண்ணிதான? இந்தத் தண்ணி நேரா அங்கதான போவும்.

— வயலுக்கு மட்டும் திருப்பிக்கிட முடியாதா? குளத்துல விடாம?

— வாய்க்கா எங்க இருக்கு? உங்க குளத்துல விழுந்து, உங்க மடை வழியாத்தான் வயலுக்குப் போவணும். ஊருல பொறந்த ஆளு என்னட்டக் கேக்கீரே. இத ஒருத்தரும் யோசிக்கலையா?

— யோசிக்கல அண்ணாச்சி. நெல்லு கருகுதே, நெல்லு கருகுதேன்னுதான்... வேற ஒண்ணும் தோணல.

— உம்மச் சொல்லல வே, பொதுவாச் சொன்னேன். இப்பத்தான எனக்கே புத்தியில படுது. ...அங்கன என்ன, மடைகிட்டப் பொக எழும்புது?

— எங்க?

— கரையில, அந்தப் புளியமரத்தடியில. உங்க ஆளுகதான், அடுப்பு மூட்டியிருக்காவ. நாம கரைக்குச் சொல்லவே இல்ல, அதுக்குள்ள மடைவாயில ஒதுங்குன மீன அள்ளிட்டாவ போல. என்ன செய்ய, விடியக்காலம் வந்த சனம். பசிக்கும்லா.

— எந்த மீனு?

— இந்த மயங்குன மீனுதான். வலையே வேண்டாம், கையால அள்ளலாம். உம்ம வீட்டம்மா சோத்துப் பானைய எறக்குதா பாரும். பச்சைச் சேலை.

— ஜெபமலரா? பிள்ளைகளும் வந்திருக்கா?

— பொடிசுக நாலஞ்சு ஓடுது. யாரு பிள்ளையன்னு இங்கிருந்து தெரியல.

— அண்ணாச்சி, சத்தம் போடுங்க. மீனத் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க.

— மேலூர்க்காரன் சொன்னா உங்க சனம் கேக்குமா? வம்புதான் வரும். நீரு சொல்லும்.

— ஏ மாடா... மாடா... மீனக் கீழ போடுங்கலே. இன்னும் நாங்க சொல்லல. முச்சலிக்கை இருக்கு, மீனத் தொடப்படாது.

— சிரிக்காவ. உங்கூர் மாடன் அகப்பையத் தூக்கிக் காட்டுதான். உமக்கும் ஒரு பங்கு வச்சிருக்கானாம்.

— கொழம்பு வெந்துட்டா?

— வெந்தா என்ன, வேகாட்டி என்ன? எலை போடுதாவ.

— தெப்பத்தத் திருப்புங்க. இந்தாங்க கழி, வெரசாத் தள்ளுங்க.

— வாழைத்தண்டு வே இது, குதிரையா? கரைக்குப் போவ அரைமணி நேரம் ஆவும். உக்காரும், தெப்பம் ஆடுது.

— அப்பக் குஞ்சு இருக்குன்னு சொல்லுங்க. ஒரு கூட்டுல உசுரு இருக்குன்னு நீங்களும் சொல்லுங்க, நானும் சொல்லுதேன். ரெண்டு பேரும் சொன்னா மடையில கை வைக்க மாட்டாங்க. மீனையும் போட்டுருவாங்க.

— என்ன பேச்சு வே பேசுதீரு? அறுபத்தெட்டு முத்தும் உம்ம பையில கெடக்கு. தண்ணி வேணும், தண்ணி வேணும்னு காலையிலருந்து பறந்த ஆளு நீரு. இப்ப மடையத் தொறக்கப்படாதுங்கீரு. எம்பது ஏக்கர் நெல்லு என்னாவுது?

— கருகட்டும்.

— நான் பொய் சொல்ல மாட்டேன் ஞானதுரை. எங்க பயலுவ பம்பக் கழுவித்தான் இப்படி ஆச்சுன்னா, கரையேறுனதும் நானே ஊருக்கு முன்னால அதச் சொல்லுதேன். அந்தத் தப்ப நான் ஏத்துக்கிடுதேன். மறைக்க மாட்டேன்.

— உங்க பயலுவ கழுவல.

— உமக்கு எப்படித் தெரியும்?

— கழுவல அண்ணாச்சி.

— எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லும். உமக்கு எப்படித் தெரியும்னு கேக்கேன்.

— அந்தக் கழியக் குடுங்க, ஊனிக்கிட்டு எந்திரிக்கேன். உக்காந்து கத்துனாப் பாதி காத்துல போயிருது. ...ஏ மாடா, ஏட்டி ஜெபமலரு, எல்லாரும் கேளுங்க. சட்டியக் கவுத்துங்க. ஒரு வாய் தின்னாதீங்க, பிள்ளைகளுக்கும் குடுக்காதீங்க. மடையத் தொறக்காதீங்க. முந்தா நேத்து ராத்திரி இந்தக் குளத்துல எண்ட்ரின ஊத்தினது நாந்தான்.